நான் மொழிபெயர்க்காமல் நின்ற மதியம்

இருபத்தெட்டு வயதில் ரிட்டயர் ஆனவளைப் போல உட்கார்ந்து அனுபவம் எழுதுகிறாளே என்று இந்த ஏற்றுமதி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் சிரிப்பீர்கள். சிரியுங்கள். வெள்ளிக்கிழமையோடு இந்த மேசையை விட்டுப் போகிறேன். அதற்குப் பிறகு வேலூரில் ஒரு பள்ளியில் ஆங்கில டீச்சர். ஆறு வருடம் ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருந்துவிட்டு பிளாக்போர்டுக்குப் போகிறாயா என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு அதில் ஒரே சந்தோஷம். ஏன் என்பது இதைப் படித்து முடித்தால் புரியும்.

ஆர்டரை சிஸ்டத்தில் ஏற்றுவது, சாம்பிள் அனுப்புவது, கப்பல் தேதியைத் துரத்துவது, இதெல்லாம் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார். நான் சொல்ல வருவது வேறு. பையருடைய ஆள், அதாவது ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அனுப்புகிறவர், எதிரே நிற்பார், நம் லைன் ஆட்கள் பின்னால் நிற்பார்கள், நடுவில் நீங்கள் நிற்பீர்கள். அந்த நேரத்தில் உங்கள் வாய் என்ன செய்ய வேண்டும்? இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். எனக்குச் சொல்லித் தந்தவர் தப்பாகச் சொல்லித் தந்தார்.

நான் எம்.ஏ. ஆங்கிலம். முதல் வகுப்பு. சேர்ந்த முதல் வாரம் வந்த மெயிலில் ஒரு நீளமான வார்த்தைகூட இல்லை. கெட் பேக், லுக் இன்டு, சைன் ஆஃப், கம் அவே, ஹோல்ட் ஆஃப். எல்லாம் நாலு எழுத்து, மூன்று எழுத்து. கல்லூரியில் அகராதியைப் புரட்டிப் புரட்டிப் படித்த பெரிய வார்த்தைகள் பீரோவில் மடித்து வைத்த பட்டுப் புடவை மாதிரி அப்படியே கிடந்தன. ஒன்றுக்கும் உதவவில்லை. சின்னதாக ஒரு வினைச்சொல், அதன் முதுகில் அதைவிடச் சின்னதாக இன்னொரு சொல். இதை வைத்துக்கொண்டே உலகம் பூராவும் ஷூ வாங்கி விற்கிறார்கள்.

அப்போது இந்த மேசையில் எனக்கு மேலே ஒரு சீனியர் இருந்தார். கெட்டிக்காரர், பெயர் வேண்டாம். முதல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்னைக் கூட்டிப் போகும்போது நடந்துகொண்டே சொன்னார்: "இன்னா நடந்தாலும் ஃப்ளோர் ஆளு பையர்கிட்ட நேரா பேசக் கூடாது. அவங்க பேசறத அப்டியே சொல்லிடாத. நீ நடுவுல சுவர் மாதிரி நிக்கணும். சின்ன ப்ராப்ளம், ரெக்டிஃபை பண்ணிடுவோம், அவ்ளோதான். புரிஞ்சுதா?"

புரிந்தது. ரொம்ப நன்றாகவே புரிந்தது. அதனால்தான் வசந்தா அக்காவுக்கு வேலை போனது.

அதைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி வழக்கம் உங்களுக்கு இன்னும் தெரிந்திருக்காது. ஒவ்வொரு லைனுக்கும் கடைசியில் ஒரு செக்கர் உட்கார்ந்திருப்பார். அந்த லைனில் இருந்து போகும் எல்லாப் பெட்டியிலும் அவருடைய எண் தானாக அச்சாகும். பையருடைய ஆள் வந்து பெட்டியைத் திறந்து பார்த்து, மொத்த லாட்டையும், அதாவது அடுக்கிய எல்லாப் பெட்டியையும், ஃபெயில் என்று எழுதினால், ஆபீசில் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். எண் யாருடையதோ அவர் அடுத்த திங்கட்கிழமை வர மாட்டார். எங்கேயும் எழுதி வைத்த சட்டம் இல்லை. எல்லோருக்கும் தெரியும்.

வசந்தா அக்கா அப்போது இரண்டாம் லைன் செக்கர். ஷூவுக்குள்ளே லைனிங்கில் மஞ்சளாகக் கறை. எங்கள் பையருக்காகச் சோதனைக்கு வருகிறவர் ரூய் என்ற போர்ச்சுகல்காரர். ஆறடி உயரம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு குறடு. அவர் ஷூவை நீட்டி, "ஹௌ டிட் திஸ் கெட் இன்?" என்றார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. வசந்தா அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார். அக்கா கையை ஆட்டி ஆட்டித் தமிழில் சொன்னார். புது டின் பசை வந்தது, மூடி சரியில்லை, தூக்கும்போது ஒழுகி மேசையில் பட்டது, அந்த மேசையில் வைத்த ஜோடியில் மட்டும்தான் கறை, மேசையை அன்றைக்கே மாற்றியாயிற்று. ஒரு நிமிடம் முழுக்கப் பேசினார். எல்லாமே உண்மை. எல்லாமே உதவக்கூடிய தகவல்.

நான் திரும்பி, "சார், மைனர் ஹாண்ட்லிங் மார்க். வி வில் ரெக்டிஃபை" என்றேன்.

ரூய் என் பக்கம் திரும்பினார். "அவர் இவ்வளவு சொன்னார். நீ இத்துனூண்டு சொல்கிறாய்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பேனாவை எடுத்தார். லாட் ஃபெயில். திங்கட்கிழமை வசந்தா அக்கா வரவில்லை.

அவர் இப்போது வாணியம்பாடியில் வேறொரு கம்பெனியில் இருக்கிறார். நல்ல இடம், இதைவிடப் பக்கம் என்று அவரே சொன்னார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்து நான் அழுதபோது, "அட, விடும்மா. நீ இன்னா வேணும்னா பண்ணே? ஒனக்கு இன்னா சொன்னாங்களோ அத செஞ்ச" என்று என் முதுகில் தட்டினார். அந்த வார்த்தை ஆறுதல்தான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள், அது பாராட்டு இல்லை.

அதற்குப் பிறகுதான் சாப்பாட்டு நேர வகுப்பை ஆரம்பித்தேன். செக்கர்களுக்கு ஆங்கிலம். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். கேண்டீனில் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து மேசை, சாப்பிட்டு முடித்த பிறகு இருபது நிமிடம். ஆறு பேர் வந்தார்கள். வசந்தா அக்கா இடத்துக்குப் புதிதாக வந்த தேன்மொழி அக்காவும் வந்தார். நாற்பது வயதுக்கு மேல், எட்டாவது வரை படித்தவர், ஆம்பூருக்கு வெளியே ஒரு கிராமத்தில் இருந்து காலை பஸ்ஸில் வருகிறவர். ஷூவை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து முகர்ந்தே பசை எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

முதல் வாரம் நான் பண்ணிய கூத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "கைண்ட்லி", "ஐ உட் லைக் டு இன்ஃபார்ம் யூ", "டிடாச்மென்ட்" என்று போர்டில் எழுதிப் படிக்க வைத்தேன். ஒருத்தி தூங்கினாள். இன்னொருத்தி மோர் மிளகாயை எண்ணிக்கொண்டிருந்தாள். நாலாவது நாள் தேன்மொழி அக்கா கையைத் தூக்கினார்.

"பாப்பா, கோச்சிக்காத. இதெல்லாம் வாய்ல நிக்க மாட்டேங்குது. அந்த ஆளு இன்னா இப்டியா பேசறாரு? ஷூவ இழுத்துப் பாத்துட்டு கம்மாஃப் கம்மாஃப்னுதான சொல்றாரு?"

"கம் ஆஃப்" என்றேன்.

"அதான். அவருக்கே அது போதும்னா எனக்கு ஏன் இம்மாம் நீளம்?"

சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கியது, பிறகு சட்டென்று ஒரு பரபரப்பு. அடுத்த முறை ரூய் வந்தபோது நோட்டுப் புத்தகத்தோடு பின்னாலேயே போய் அவர் வாயில் வருகிற வினைச்சொற்களை எல்லாம் எழுதினேன். முழு நாளும் பேசினார், ஒரே பக்கம்தான் நிறைந்தது. கம், கோ, புட், டேக், கெட், புல், கட், டர்ன். இவற்றுக்குப் பின்னால் ஆஃப், ஆன், அவுட், இன், அப், டவுன், பேக், ஓவர். ஆங்கிலம் அவருக்கும் தாய்மொழி இல்லையே! அவரும் எங்கேயோ ஒரு ஃபாக்டரி கேண்டீனில் இதைக் கற்றுக்கொண்டவராகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது வாரம் போர்டைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, மேசை மேல் ஒரு ஷூவை வைத்தேன். கையால் செய்ததை வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விதி. லேஸை இழுத்து எடுத்தால் புல் அவுட். ஷூவின் அடிப்பாகமான சோலைத் திருப்பினால் டர்ன் ஓவர். காலில் போட்டால் புட் ஆன், கழட்டினால் டேக் ஆஃப்.

"இரு இரு" என்றார் தேன்மொழி அக்கா. "எம் பொண்ணு சொன்னா, ப்ளேன் கெளம்புறதும் டேக் ஆஃபாமே. அது இன்னா, செருப்பக் கழட்டி வச்சிட்டா போவுது?"

மேசையே குலுங்கியது. எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. எந்தச் சின்னச் சொல் வந்தால் எப்போது அர்த்தம் தாவும்? விதி கேட்டால் என்னிடம் கிடையாது. பதில் நம் தமிழுக்குள்ளேயே இருந்தது, நான் ஆரம்பிக்க, அவர்தான் முடித்துக் கொடுத்தார்.

"அக்கா, தமிழ்ல 'தூக்கிப் போடு', 'தள்ளிப் போடு' ரெண்டும் சொல்றோம் இல்ல. கல்யாணத்த தள்ளிப் போட்டாங்கன்னா..."

"கல்யாணத்த எங்க தள்றாங்க, எங்க போடறாங்க!" என்று அவரே முடித்தார். பிறகு கண்ணை அகலமாக்கிக்கொண்டு, "பசை தீந்து போச்சுன்றோம். எங்க போச்சு? ஊருக்கா போச்சு?"

"அதேதான் அக்கா. யூஸ் அப். அந்த 'அப்' மேல எல்லாம் போவல. நம்ம 'போச்சு' மாதிரி. முடிஞ்சுதுன்னு காட்டுது."

அந்த நேரம் கை கழுவ வந்த அஸ்லம் பாய் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஃபினிஷிங் செக்‌ஷன் மேனேஜர். ஆம்பூர்க்காரர், கோபம் ஜாஸ்தி, மனசு அதைவிட ஜாஸ்தி. "உருதுலயும் அப்டிதான் மா. நிகல் கயா, டூட் கயா, கிர் கயா. எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு கயா, உங்க போச்சு மாதிரி, வாலாட்டம்" என்றவர், "பாடம் நடத்து, வேணாங்கல. ஆனா இதெல்லாம் கேண்டீன்லதான். இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு யாரும் வாயத் தொறக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று கையை உதறிவிட்டுப் போனார்.

நீங்களும் மெயில் எழுதும்போது இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வினைச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். கையில் ஒரு பொருளை எடுங்கள். ஒட்டியிருப்பது விட்டால் ஆஃப். உள்ளே இருப்பது வெளியே வந்தால் அவுட். வந்த இடத்துக்கே திரும்பினால் பேக். பாதி சொல் இதிலேயே வந்துவிடும். மீதிப் பாதி தாவிப் போய் நிற்கும். அதை ஆட்கள் பேசக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். புரியாவிட்டால் கேளுங்கள். "நோட்டட்" என்று பதில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

இனி அந்த மதியத்துக்கு வருகிறேன்.

மழைக்காலம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கரன்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்கக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. சோல் ஒட்டுவதற்கு முன்னால் பசையைக் காய வைக்கிற ஹீட்டர் அதற்குள் ஆறிவிட்டது. அந்த நேரத்தில் ஹீட்டரைத் தாண்டி வந்த ஜோடிகள் எல்லாம் ஒரே தள்ளுவண்டியில், பன்னிரண்டாம் ராக்கில் இருந்தன. தேன்மொழி அக்கா ஒன்றை எடுத்து முகர்ந்தார். காயவில்லை. ராக்கை இழுத்துச் சுவரோரம் நிறுத்திவிட்டு, அஸ்லம் பாயிடம் சொல்லிவிட்டு, அடுத்த ராக்கைப் பார்க்கப் போய்விட்டார். அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்தார்.

வியாழக்கிழமை ரூய் வந்தார். பெட்டிகள் எல்லாம் மேசைக்குப் பக்கத்தில் அடுக்கி இருந்தன. அவர் தன் இஷ்டத்துக்கு ஒரு பெட்டியைக் காட்டினார், திறந்தோம். குறடால் சோலின் முனையைப் பிடித்து இழுத்தார். பிரிந்து வந்தது. பழைய புத்தகத்தின் அட்டை பிரிகிற மாதிரி, சத்தமே இல்லாமல்.

அதே பெட்டியில் இன்னொன்று. அதுவும் பிரிந்தது. பெட்டியின் ஓரத்தில் செக்கர் எண் பதினேழு. தேன்மொழி அக்காவுடைய எண். அதற்குக் கீழே சின்னதாக ராக் எண்ணும் இருந்தது. பன்னிரண்டு. ஆனால் அந்த நேரத்தில் நான் அதைப் பார்க்கவே இல்லை. பதினேழு மட்டும்தான் கண்ணில் பட்டது.

ரூய் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாட் ஹாப்பண்ட் ஹியர்?" என்றார்.

அஸ்லம் பாய் என் காதருகே, "சின்ன ப்ராப்ளம்னு சொல்லு. சொல்லு மா" என்றார். என் வாய் தயாராக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், "மைனர்" என்கிற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது பின்னாலிருந்து என் வேலைக் கோட்டின் முனையை யாரோ இழுத்தார்கள்.

"மேடம்" என்றார் தேன்மொழி அக்கா. கேண்டீனில் பாப்பா, ஃப்ளோரில் மேடம். "அது பன்னண்டாம் ராக்கு. நா தனியா வச்சது. எப்டி இங்க வந்துச்சுன்னு தெரில. அது ஒண்ணுதான். மீதி எல்லாம் நல்லா இருக்கு. சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். நல்ல ஆங்கிலத்தில், அரை நிமிடத்தில், தெளிவாகவே சொல்லியிருப்பேன். ஆனால் ரூய் என் முகத்தைப் பார்த்த விதம் எனக்குத் தெரியும். வசந்தா அக்கா விஷயத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து வருகிற எதையும் அவர் பாதிக்கு மேல் நம்புவதில்லை. சுவரில் இருந்து வருகிற குரலை யார் நம்புவார்கள்? ஃபெயில் என்று எழுதிவிட்டால் திங்கட்கிழமை இந்த அக்காவும் இருக்க மாட்டார். யோசிக்க நேரமில்லை. நான் ஒரு அடி பின்னால் வந்தேன். அவரை முன்னால் விட்டேன்.

"நீங்களே சொல்லுங்க அக்கா."

"நானா?"

"கையால செஞ்சு காட்டிக்கினே சொல்லுங்க."

அஸ்லம் பாய் என்னைப் பார்த்த பார்வையில் ஷூவே கருகியிருக்கும்.

தேன்மொழி அக்கா கைகளைக் கோட்டில் துடைத்துக்கொண்டார். பிரிந்து கிடந்த ஷூவை எடுத்துத் தன் மூக்கருகே வைத்து, ரூய் மூக்கருகேயும் நீட்டினார். ஆறடி மனிதர் குனிந்து முகர்ந்தார்.

"சார். டியூஸ்டே. கரன்ட் கோ ஆஃப். ஹீட்டர் கூல் டவுன். திஸ் ராக், ட்வெல்வ், கம் அவுட், நாட் ட்ரை." சுவரைக் காட்டினார். "ஐ புட் அசைட். தேர். சம்படி புட் பேக்."

சம்படி புட் பேக். அஸ்லம் பாய் கண்களை மூடிக்கொண்டார். இந்தக் கம்பெனியில் பையர் எதிரே அப்படி ஒரு வாக்கியத்தை எந்த மொழியிலும் யாரும் சொன்னதில்லை.

"ஹூ?" என்றார் ரூய்.

"ஐ நாட் நோ சார்." பிறகு அடுக்கிய பெட்டிகளைக் காட்டினார். "யூ டேக் அவுட் ட்வெல்வ். ஓப்பன் அதர். எனி பாக்ஸ். யூ புல். நாட் கம் ஆஃப்." பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இஃப் கம் ஆஃப், ஐ கோ அவுட்."

"கோ அவுட் வேர்?"

"ஹோம் சார்."

ரூய் பேனாவைச் சட்டைப் பையில் சொருகினார். குறடை எடுத்தார். பெட்டி அடுக்கின் கடைசிக்குப் போய், கீழேயிருந்து ஒன்றை உருவினார். ராக் எட்டு. முனையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. ஷூவை முழங்காலில் அழுத்திக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். தோல் இழுபட்டது, சோல் விடவில்லை. அடுத்த பெட்டி, ராக் மூன்று. அடுத்தது, ராக் பதினைந்து. பதினொன்றையும் பதின்மூன்றையும் வேண்டுமென்றே தேடி எடுத்தார், கரன்ட் போன நேரத்துக்கு முன்னும் பின்னும் இருந்தவை அவை. தேன்மொழி அக்கா ஒவ்வொரு இழுப்புக்கும் தன் தாடையையும் சேர்த்து இறுக்கிக்கொண்டிருந்தார். ஹாலில் வேலை நின்றுபோயிருந்தது. பாக்கிங்கில் இருந்த பெண்கள் டேப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்கள்.

எத்தனை இழுத்தார் என்று நான் எண்ணவில்லை. கடைசியில் அவர் சட்டை நனைந்திருந்தது. குறடை மேசையில் வைத்து, உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு, தேன்மொழி அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை: "ஓகே. டேக் அவுட் ட்வெல்வ். தி ரெஸ்ட் கோஸ்."

அக்கா என் பக்கம் திரும்பி, "மீதி போவலாம்னுதான சொன்னாரு? கோஸ்னா போறது தான?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ தண்ணி பாட்டிலை நீட்டினார்கள். பாதியைக் குடித்தார், மீதியை முகத்தில் ஊற்றிக்கொண்டார்.

கதை இங்கே முடிந்துவிட்டது என்று நானும் நினைத்தேன். ஆனால் பன்னிரண்டாம் ராக்கை ஒதுக்கினாலும் அது ரிஜெக்ட்தான். ஆபீசுக்கு ஒரு படிவம் போக வேண்டும், அதில் காரணம், பொறுப்பு என்று இரண்டு கட்டம். எண் பதினேழு என்றுதான் அந்தக் கட்டத்தில் வழக்கமாக எழுதுவார்கள். ரூய் போன பிறகு அஸ்லம் பாய் அந்தப் படிவத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"நீ ஏன் மா சும்மா நின்ன? எனக்கு ஹார்ட்டே நின்னு போச்சு. இன்னா பேஜாரு பண்றீங்க நீங்க ரெண்டு பேரும்?"

"பாய், நா வாயத் தொறந்திருந்தா லாட்டு போயிருக்கும்."

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அந்த ராக்க உள்ள அனுப்பச் சொன்னது நான்தான் மா" என்றார். "மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன், எண்ணிக்கை கம்மியா இருந்துச்சு. ஒரு நாள் ஆயிடுச்சே, காஞ்சிருக்கும்னு நெனச்சேன். அந்தம்மா சொன்னது ஞாபகம் இருந்துச்சு. இருந்தும் அனுப்பினேன்."

அவர் என் பேனாவை எடுத்து, பொறுப்பு என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினார். எண் இல்லை, முழுப் பெயர். "நா இத எடுத்துக்கினு மேல போறேன். வேற யாரும் வர வேணாம்" என்று எழுந்து போனார். ஒரு மணி நேரம் கழித்துக் கீழே இறங்கி வந்தபோது முகம் சிவந்திருந்தது. நடை மட்டும் லேசாக இருந்தது. நேராக இரண்டாம் லைனுக்குப் போய், எல்லோரும் கேட்கிற மாதிரி, "தேன்மொழி, நீ தனியா நிறுத்தற ராக்கு மேல இனிமே உங் கையெழுத்துப் போட்டு ஒரு அட்டை ஒட்டு. அத எடுக்கணும்னா நானே ஆனாலும் ஒன்னக் கேட்டுத்தான் எடுக்கணும்" என்றார். பிறகு எல்லோருக்கும் டீ சொன்னார். மழைக்கு அந்த டீ அவ்வளவு சூடாக இருந்தது.

அந்த அட்டையைத்தான் இப்போது நீங்கள் லைனில் பார்க்கிறீர்கள். மஞ்சள் அட்டை. அது ஏதோ தரச் சான்றிதழுக்காக வந்தது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இல்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். பையருடைய ஆள் கேள்வி கேட்டு, பதில் தெரிந்தவர் உங்களுக்குப் பின்னால் நின்றால், தயவுசெய்து அழகான ஆங்கிலத்தோடு முந்தாதீர்கள். அவரிடம் பத்து வினைச்சொல்லும் கையும் இருந்தால் போதும். தடுமாறினால் ஒரு சொல் எடுத்துக் கொடுங்கள், அவ்வளவே. இடம் விடுவதும் வேலைதான். அதுதான் எங்களுக்கு அன்றைக்கு உதவியது. சாப்பாட்டு நேர வகுப்பை நீங்கள் மூவரும் மாற்றி மாற்றி நடத்தினால் சந்தோஷப்படுவேன். நீங்கள் நினைப்பதைவிட வேகமாகக் கற்றுக்கொள்வார்கள், கேள்வி கேட்டு உங்கள் உயிரையும் எடுப்பார்கள். தயாராகப் போங்கள்.

அந்த வியாழக்கிழமை மாலை கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தேன்மொழி அக்கா உட்கார்ந்திருந்தார். மழை விட்டிருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார். எதிர்முனையில் அவர் வீட்டுக்காரர் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"ஒண்ணும் இல்ல, சும்மாதான் பண்ணேன்" என்றார். ஜன்னல் கம்பியின் ஈரத்தைக் கையால் துடைத்தார். பிறகு சொன்னார்:

"நாளைக்கும் ஆறே முக்கா பஸ்ஸுதான். அலாரம் வச்சிடு."